ஆமை எங்கே மேய்கிறது? ஸ்நார்க்கெல் பயணத்துக்கு ஊர் தேர்ந்தெடுப்பது எப்படி

(திரையில்: இரவு, சென்னைக் கடற்கரை. சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் ஈர மணலில் ஒரு தடம்.)

பிப்ரவரி மாதம், நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறோம். சின்ன டிராக்டர் ஒன்று ஏறி இறங்கிய மாதிரி, கடலிலிருந்து மேலே வந்து மறுபடி கடலுக்கே போயிருக்கிறது ஒரு தடம். பங்குனி ஆமை முட்டையிட்டுப் போயிருக்கிறது. 1988லிருந்து மாணவர்கள் இந்தக் கரையில் இப்படி இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

அன்றைக்கு என்னோடு வந்த தங்கை கேட்டாள்: "ஆமை நம்ம ஊருக்கே வருதே. அப்புறம் எதுக்கு அண்ணா மலேசியா, மாலத்தீவுன்னு காசு செலவு பண்ற? இங்கேயே மாஸ்க் போட்டுக் குதிச்சா என்ன?"

நல்ல கேள்வி. இந்த வீடியோ முழுக்க அதற்கான பதில்தான்.

பங்குனி ஆமை இந்தக் கரைக்கு வருவது பிரசவத்துக்கு. வருகிறது, குழி தோண்டி முட்டையிடுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. அதன் சாப்பாடு நண்டு, இறால், ஜெல்லி மீன். அதற்காகக் கரையை விட்டு வெகுதூரம், நூறு மீட்டருக்கு மேல் ஆழம் வரைகூடப் போகும். நாமோ ஸ்நார்க்கெல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் குப்புற மிதக்கிறவர்கள். நமக்கும் அதற்கும் சந்திப்பே கிடையாது. சென்னைக் கடலின் அலையும் கலங்கலும் வேறு. கையை நீட்டினால் விரல் தெரியாது.

ஆகவே ஊர் தேடும்போது "எங்கே ஆமை முட்டையிடுகிறது" என்று தேடாதீர்கள். "எங்கே ஆமை சாப்பிடுகிறது" என்று தேடுங்கள். சுற்றுலா விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து "ஆமைத் தீவு" என்று விற்றுவிடும்.

(திரையில்: இரண்டு ஆமை முகங்கள், பக்கத்தில் பக்கத்தில்.)

உலகத்தில் கடல் ஆமைகள் ஏழு வகை. ஸ்நார்க்கெல் போடுகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டைத்தான். ஒன்று பேராமை. மழுங்கிய உருண்டை முகம். வளர்ந்த பிறகு கிட்டத்தட்ட சைவம், கடற்புல்லும் பாசியும்தான் சாப்பாடு. ஆங்கிலத்தில் இதைப் பச்சை ஆமை என்கிறார்கள். ஓடு பச்சையாக இருப்பதால் அந்தப் பெயர் வரவில்லை, உள்ளே கொழுப்பு பச்சை. அதை வெட்டிச் சாப்பிட்டவர்கள் வைத்த பெயர், வேறென்ன. மற்றொன்று அழுங்காமை. கிளி மூக்கு மாதிரி வளைந்த அலகு. அதைப் பவளப்பாறை இடுக்கில் நுழைத்துக் கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்னும். இதன் ஓட்டுக்காகத்தான் ஒரு காலத்தில் சீப்பும் கண்ணாடிச் சட்டமும் செய்யும் ஆட்கள் உலகம் முழுக்க வேட்டையாடினார்கள்.

சரி, இதில் நமக்கு என்ன? கடற்புல் வளர வெயில் வேண்டும். வெயில் இறங்க வேண்டும் என்றால் ஆழம் குறைவாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்க வேண்டும். அதாவது நமக்கு எது வசதியோ அதுதான் புல்லுக்கும் வசதி. இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்தில் புல் இருக்கிற இடத்தில் நீச்சல் சரியாக வராத என் அம்மாகூட லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து பேராமையைப் பார்க்கலாம். பார்த்தார்.

அது நடந்தது மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவில். மலாயில் அந்தப் பெயருக்கு "நிற்குமிடம்" என்று பொருள். கோத்தா பாருவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து காரில் குவாலா பெசுட் படகுத்துறை, பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு ஒடிக்கும் வேகப் படகு. பெரிய தீவில் தெலுக் பாவ் என்று ஒரு வளைகுடா. கரையிலிருந்தே இறங்கலாம்.

(திரையில்: நீருக்கடியில், கேமரா அசையாமல். குரல் மெதுவாக.)

முதலில் மணல் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. அதற்குள் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஓர் ஓடு. முன்துடுப்பு இரண்டையும் ஊன்றிக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, புல்லைக் கவ்வி ஒரு இழுப்பு. அதன் தாடை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், புல் அறுந்து வந்துவிடும். மாடு மேய்கிற மாதிரியேதான், அவசரமே இல்லை. முதுகில் ஒட்டுமீன் ஒன்று சவாரி. நாலைந்து நிமிஷம் கழித்து தலையை நிமிர்த்தியது. மேலே வரப்போகிறது என்று அதற்குப் பொருள். நான் இரண்டு எட்டு பின்னால் நீந்தினேன். அது என் பக்கவாட்டில் ஏறி, மூக்கை மட்டும் வெளியே நீட்டி "புஸ்" என்று ஒரு மூச்சு விட்டது. இழுத்தது. மறுபடி கீழே. நாள் முழுக்க அதற்கு இதே வேலை.

இப்போது நம் பக்கத்தில் இருக்கும் இடங்களைப் பார்க்கலாம். பாக் நீரிணையில் நமக்கும் கடற்புல் உண்டு, அதை மேய ஆமையும் ஆவுளியா என்கிற கடற்பசுவும் உண்டு. ஆனால் தண்ணீர் கலங்கல். லட்சத்தீவில் தண்ணீர் கண்ணாடி. கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம், மற்ற தீவுகளுக்குக் கப்பல். வெளியாட்கள் முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்காமல் போக முடியாது, அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அகத்தியில் ஒரு விசித்திரமான கதை நடந்தது. அங்கே பேராமைகள் ஏராளமாகச் சேர்ந்து, புல்லை மொட்டையடித்துவிட்டன. புல்லில்தான் குஞ்சு மீன்கள் வளரும். புல் போனதும் மீனும் குறைந்தது. "இந்த ஆமைகளால்தான் எங்கள் வலை காலி" என்று மீனவர்களுக்குக் கோபம். ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்ததில், அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பது தெரிந்தது. கொஞ்ச வருஷத்தில் அகத்தியில் மேய ஒன்றும் இல்லாமல் ஆமைகள் பக்கத்துத் தீவுகளின் காயலுக்கு நகர்ந்தன. அங்கேயும் அதே கதை தொடர்ந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் போனவர் "அங்கே போனால் பத்து ஆமை நிச்சயம்" என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, புல் இடம் மாறியிருக்கும். முன்பதிவுக்கு முன் தங்குமிடத்துக்கு ஃபோன் போட்டு, "போன வாரம் ஆமை எங்கே மேய்ந்தது?" என்று கேளுங்கள். உண்மையில் கடலில் இறங்குகிற ஆள் என்றால் உடனே பதில் வரும். "எல்லா இடத்திலும் இருக்கும் சார்" என்று வந்தால் வேறு எண்ணைத் தேடுங்கள்.

அடுத்தது மாதம். இதில் நான் சூடு பட்டவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில், "வருஷம் முழுக்க ஸ்நார்க்கெல்" என்று ஒரு பயண முகவர் சொன்னதை நம்பி இலங்கையில் திருகோணமலைக்குப் போனேன். நிலாவெளியில் கடல் டீ நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் மழை. ஓர் இரவு முழுக்க அறையில் ஈரத் துண்டைக் காயவைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் கடல் அனுபவம். வடகிழக்குப் பருவமழை என்று ஐந்தாம் வகுப்பில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

(திரையில்: வரைபடம். இலங்கையின் இரு கரைகளும் மாறி மாறி ஒளிர்கின்றன.)

கணக்கு எளிது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது கிழக்குப் பார்த்த கரைகள் கெட்டுப்போகும், தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது மேற்குப் பார்த்தவை. அதனால் நிலாவெளிக்கு மே முதல் செப்டம்பர். அதே இலங்கையின் தென்மேற்கில் ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல். லட்சத்தீவுக்கு அக்டோபரிலிருந்து மே பாதி வரை. பெர்ஹெந்தியானுக்கு மார்ச் முதல் அக்டோபர். நவம்பர் வந்தால் அங்கே பெரும்பாலான விடுதிகள் கதவையே பூட்டிவிடும். பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறை என்றால் நிலாவெளியோ பெர்ஹெந்தியானோ. அரையாண்டு விடுமுறை என்றால் லட்சத்தீவு அல்லது ஹிக்கடுவைப் பக்கம்.

நிலாவெளிக்கு அடுத்த முறை ஜூலையில் போனேன். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மாடப்புறாக்கள் இருப்பதால் அந்தப் பெயர். படகுக்காரர் தமிழில் பேசுவார், "தம்பி, காலையில வெள்ளன வாங்கோ, பத்து மணிக்குப் பிறகு சனம் கூடிடும்" என்பார். அந்தப் பேச்சுக்காகவே போகலாம். ஆழம் குறைந்த பவளப்பாறை. கருநுனிச் சுறாக் குட்டிகள் சுற்றும், பயப்பட வேண்டாம், நம்மைக் கண்டால் அவைதான் ஓடும். ஆமையும் உண்டு, ஆனால் என் அனுபவத்தில் அங்கே சுறா நிச்சயம், ஆமை அதிர்ஷ்டம். ஆமை ஒன்றே குறி என்றால் பெர்ஹெந்தியான். இன்னும் தூரம் போக முடிந்தால் பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவு. 1980களில் அந்த ஊர் மீனவர்கள் தாங்களே ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்திப் பாதுகாத்த இடம். கரைக்குப் பக்கத்திலேயே பேராமைகள் மேயும்.

ஹிக்கடுவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே ஆமைகள் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். ஏன் வருகின்றன? கையில் பாசிக் கற்றையோடு ஆட்கள் நிற்கிறார்கள். கோவில் யானைக்கு வாழைப்பழம் கொடுக்கிற மாதிரி வரிசையில் நின்று ஊட்டி, ஓட்டைத் தடவி, செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மனிதன் பக்கம் வந்தால் சாப்பாடு என்று பழகிய ஆமை, படகின் பக்கமும் வரும். படகின் அடியில் சுழலும் விசிறி பாசியும் தராது, தடவியும் கொடுக்காது.

அந்தக் கரை நெடுக ஆமைப் பொரிப்பகங்களும் உண்டு. தொட்டியில் குஞ்சுகளை வைத்திருப்பார்கள், கையில் கொடுப்பார்கள். பொரித்ததும் குஞ்சின் உடம்பில் மஞ்சள் கருவின் மிச்சம் கொஞ்சம் இருக்கும். அந்தத் தெம்பில்தான் முதல் ஒரு நாள் வெறியோடு நீந்தி ஆழ்கடலை எட்டும். தொட்டியில் சுற்றவிட்டால் அந்தத் தெம்பு அங்கேயே தீர்ந்துவிடும். பொரித்த இரவே கடலில் விடுகிற இடமா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

படகு பிடிக்கும்போதும் ஒரு கேள்வி போதும்: "ஆமையைக் கண்டதும் என்ன செய்வீர்கள்?" "எஞ்சினை நிறுத்திவிட்டு, தள்ளி இறக்கிவிடுவேன்" என்றால் ஏறுங்கள். "பிடித்துத் தருகிறேன், ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் இறங்குங்கள். இந்தியாவில் கடல் ஆமை 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான். தண்ணீரில் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருங்கள். நேர் மேலே மட்டும் மிதக்காதீர்கள். அது மூச்சு விட வருகிற வழி அது.

கடைசியாகச் சாமான். சன்ஸ்கிரீன் பூசுவதற்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் அவற்றை விற்கவே விடுவதில்லை. மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். கடையில் வாரைப் பின்னால் மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். என் மச்சான் கேட்காமல் போய், பாறையை ஆமை என்று பத்து நிமிஷம் வீடியோ எடுத்தார்.

மீசை வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே வரும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துவிடலாம். மனசு வராதவர்கள் சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். மச்சான் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆமை மாதிரியே மேலே வந்து "புஸ்" என்று ஊதிக்கொண்டிருந்தார்.