பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க | ஸ்டீரியோ மாட்டின பிறகு கார் செல்ஃப் எடுக்கலன்னா எங்க தேடணும்

வணக்கம் மக்களே, காலைல ஆறரை ஆகுது, திருவான்மியூர்ல நம்ம அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல நிக்கிறேன், வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துடலாம்னு சீக்கிரமே கீழ வந்துட்டேன். போன வீடியோல புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ்கேம், ஃபாக் லேம்ப் மூணும் மாட்டினத காட்டினேன்ல, எங்க மாட்டினீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைல தான், பேர் வேணாம், ஏன்னா இன்னிக்கு பேசப்போறது அந்த வேலைல வந்த பிரச்சனைய பத்தி.

அக்கா வீட்டு விசேஷத்துக்கு விழுப்புரம் ட்ரெயின்ல போயிட்டு மூணு நாள் கழிச்சு வந்து சாவிய திருப்புறேன், டக் டக் டக்குனு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கல. பக்கத்து வீட்டு அங்கிள் கார்ல இருந்து ஜம்ப் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டோம். பேட்டரி கடைக்கு கொண்டு போனா, பார்த்த உடனே "சார் பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டார். வாங்கி 14 மாசம் தான் ஆகுது மக்களே. எனக்கு மனசு ஒப்பல. வீட்டுக்கு கொண்டு வந்து சார்ஜர்ல மெதுவா ஏத்தி, ஒயர் எதுவும் இல்லாம ஒரு ராத்திரி தனியா வெச்சுட்டு காலைல மீட்டர் வெச்சா 12.6 வோல்ட், அசையாம நிக்குது. கார்ல திரும்ப மாட்டி இன்ஜின் ஓடும்போது பார்த்தேன், 14.2. அப்போ பேட்டரியும் நல்லா இருக்கு, ஆல்டர்னேட்டரும் சார்ஜ் ஏத்துது. வண்டிய பூட்டிட்டு போன பிறகு ஏதோ ஒண்ணு கரண்ட குடிச்சுக்கிட்டே இருக்கு, அவ்ளோதான் விஷயம்.

அத எப்படி பிடிக்கிறதுன்னு காட்டுறேன், சாதா மல்டிமீட்டர் ரெண்டு இருந்தா போதும். சிவப்பு ப்ரோப்ப 10 ஆம்ப் ஓட்டைல மாத்தி சொருகணும், இத மறக்காதீங்க. பேட்டரி மைனஸ் ஒயர கழட்டி, அந்த ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மீட்டர் வரணும், அப்போ கார் எடுக்குற மொத்த கரண்டும் மீட்டர் வழியா தான் போகும். இந்த நிலைமைல சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் உள்ள இருக்குற ஃப்யூஸோ மீட்டரே கூடவோ போயிடும். கதவு திறந்து வெச்சு தான் வேலை செய்யணும்னா கதவு லாக்க ஸ்க்ரூட்ரைவரால அமுக்கி விட்டுடுங்க, கார் கதவு மூடியாச்சுன்னு நினைச்சுக்கும். ரிமோட் சாவிய வீட்டுக்குள்ளயே வெச்சுட்டு வாங்க. அப்புறம் அரை மணி நேரம் சும்மா உக்காரணும், இங்க தான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. எனக்கு மொதல்ல மீட்டர்ல 2.8 ஆம்ப் காட்டுச்சு, அது கார்ல இருக்குற கம்ப்யூட்டருங்க எல்லாம் முழிச்சிருக்குறதால. ஒவ்வொண்ணா தூங்கப் போக போக இறங்கும். நல்ல கார்ல கடைசில 0.05க்கு கீழ வந்துடும். எனக்கு 0.62ல வந்து நின்னுச்சு, அதுக்கு கீழ இறங்கவே இல்ல.

சின்ன கணக்கு தான், 0.62ஐ 24 மணி நேரத்தால பெருக்குங்க, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 15 ஆம்ப்-ஹவர் (Ah) போகுது. என் பேட்டரி மொத்தமே 35 ஆம்ப்-ஹவர் தான். ரெண்டரை நாள்ல காலி. நான் போயிட்டு வந்தது மூணு நாள்.

அடுத்து எந்த லைன்ல போகுதுன்னு பார்க்கணும். ஃப்யூஸ ஒவ்வொண்ணா பிடுங்கி பார்க்கலாம், ஆனா பிடுங்கி திரும்ப சொருகும்போது தூங்கிட்டு இருந்தது முழிச்சுக்கும், மறுபடி அரை மணி நேரம். அதுக்கு பதிலா, கேமராவ கிட்ட கொண்டு வர்றேன், இந்த நீல ஃப்யூஸ் தலைல பாருங்க, ரெண்டு பக்கமும் கடுகு சைஸ்ல உலோகம் தெரியுதா, ரெண்டாவது மீட்டர மில்லிவோல்ட்ல போட்டு அந்த ரெண்டு புள்ளிலயும் ப்ரோப் முனைய வைங்க. கரண்ட் போகலன்னா சைபர். போச்சுன்னா கொஞ்சமா ஏதாவது காட்டும். மத்த ஃப்யூஸ்ல எல்லாம் சைபரோ ரொம்ப கம்மியோ தான், இந்த 15 ஆம்ப் ஸ்டீரியோ ஃப்யூஸ்ல தான் அதிகமா, கிட்டத்தட்ட ரெண்டு மில்லிவோல்ட். அத பிடுங்கின உடனே 0.62 இருந்தது 0.24 ஆயிடுச்சு.

ஸ்டீரியோவ வெளிய இழுத்து பார்த்தப்போ தான் வயிறு எரிஞ்சுது. ஸ்டீரியோ பின்னாடி மஞ்சள் ஒயர் எப்பவும் கரண்ட் வர்ற லைனுக்கு, சிவப்பு ஒயர் சாவி திருப்பினா மட்டும் வர்ற லைனுக்கு, கருப்பு எர்த். இங்க மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கி எப்பவும் வர்ற லைன்லயே கட்டி டேப் சுத்தியிருக்காங்க. ஸ்டீரியோவுக்கு சாவி எடுத்ததே தெரியாது. நான் தினமும் ராத்திரி பட்டன அமுக்கி ஸ்க்ரீன ஆஃப் பண்ணிட்டு தான் இறங்குறேன், ஸ்க்ரீன் தான் கருப்பாகுது, உள்ள போர்டு ஓடிட்டே இருக்கு. சாவி லைன் எதுன்னு தேடி எடுக்க நேரம் ஆகும், ரெண்டையும் சேர்த்துட்டா பத்து நிமிஷத்துல பாட்டு வந்துடும், கஸ்டமரும் கிளம்பிடுவார், அதான். சில புது கார்ல அந்த லைன் தனி ஒயராவே வராது, அதுக்குன்னு ஒரு சின்ன பாக்ஸ் சேர்த்து தான் மாட்டணும், வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

அந்த டேப்ப பாருங்க. நம்ம ஊர் வெயில்ல பூட்டின கார் உள்ள பசை உருகி, டேப் வழுக்கி கீழ இறங்கி, செம்பு வெளிய தெரியுது. இது டேஷ்போர்டு உள்ள இருக்குற இரும்புல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? வீட்ல பசங்கள ஏத்திட்டு போற வண்டி மக்களே, எனக்கு கை நடுங்கிடுச்சு. இப்போ ரெண்டையும் பிரிச்சு, சால்டர் வெச்சு, சூடு பண்ணா சுருங்கி பிடிச்சுக்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டிருக்கேன். ஒண்ணு மட்டும், டேஷ்போர்டு கீழ மஞ்சள் கப்ளரோ மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயரோ பார்த்தா அது ஏர்பேக் லைன், கரண்ட் வருதான்னு பார்க்குற டெஸ்ட் லேம்ப்ப அதுல வைக்கவே வைக்காதீங்க.

மீதி 0.24ல பெரும்பங்கு டேஷ்கேம். அது பார்க்கிங்ல ரெக்கார்ட் பண்ணத்தான் செய்யும், ஆனா எத்தனை வோல்ட்டுல நிக்கணும்னு, அதுக்கு கரண்ட் குடுக்குற ஒயர் கிட்ல சின்ன ஸ்விட்ச் இருக்கு, அத 11.8ல விட்டுருக்காங்க. 11.8 வர்ற வரைக்கும் ஓடினா பேட்டரில ஒண்ணுமே மிச்சம் இருக்காது. 12.2க்கு மாத்திட்டேன்.

ஃபாக் லேம்ப் வேற கதை. ஹார்ன் அடிச்சா லேம்ப் மங்கும், நானும் ஸ்விட்ச் தான் சரியில்லன்னு நினைச்சேன். லேம்ப் எரியும்போது பேட்டரி மைனஸுக்கும் லேம்ப் எர்த் போல்ட்டுக்கும் நடுவுல மீட்டர் வெச்சா 1.4 வோல்ட், 0.2 தாண்டவே கூடாது. ஹார்ன் எர்த்தும் அதே போல்ட்ல தான். பெயிண்ட் மேலயே போல்ட் போட்டு முறுக்கியிருக்காங்க, கடல் காத்துல அதுவும் துரு பிடிச்சு கிடந்துச்சு. உப்புத்தாள் வெச்சு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, ரிங் டெர்மினல் போட்டு முறுக்கி, மேல வாஸ்லின் தடவினேன், 0.1 ஆயிடுச்சு.

ஃப்யூஸும் பாருங்க, பச்சை, 30 ஆம்ப். ரெண்டு 55 வாட் பல்புக்கு 9 ஆம்ப் தான் ஓடும், 15 போதும். ஃப்யூஸ் இருக்குறது ஒயர காப்பாத்த, பல்ப இல்ல, இவ்ளோ மெல்லிசு ஒயருக்கு 30 போட்டா ஃப்யூஸ் போறதுக்கு முன்னாடி ஒயர் எரியும். அதையும் பேட்டரில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள வைங்க, லேம்ப் கிட்ட வெச்சா நடுவுல ஒயர் உரசினா யார் காப்பாத்துறது.

எல்லாம் மாட்டி, டேஷ்கேம் பார்க்கிங் மோட ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் ஆச்சு, இதோ மீட்டர், 0.03. மறுபடி ஆன் பண்ணி, மூணு நாள் கார எடுக்காம பஸ்ல போகப்போறேன், நாலாவது நாள் காலைல பானெட்ட திறந்து இதே மீட்டர வைப்பேன். 12.2 பக்கத்துல நின்னு செல்ஃப் ஒரே தடவைல எடுத்துச்சுன்னா கிட் சொன்னபடி நிக்குதுன்னு அர்த்தம், அதுக்கும் கீழ போயிருந்தா கிட்டையே கழட்டிடுவேன். எதுவா இருந்தாலும் மீட்டரோட வீடியோ போடுறேன். வர்றேன் மக்களே.