அறிவியலில் நிலையின்மை: ஆக்கத்துக்கே என்னும் அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், அவையோருக்கும் என் வணக்கம். 'அறிவியல் காட்டும் நிலையின்மை பெரிதும் அழிவுக்கா, ஆக்கத்துக்கா?' என்பது இன்றைய தலைப்பு. ஆக்கத்துக்கே என்று வழக்காட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இரண்டு வலுவான சான்றுகளை வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். ஒன்று, 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமாவில், திறந்து நான்கு மாதங்களே ஆன தொங்குபாலம் காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி நீரில் விழுந்தது. மற்றொன்று, புற்றுநோய்ச் செல்களில் காணப்படும் மரபணு நிலையின்மை, அதாவது மரபணுக்களில் மாற்றங்கள் மிகுந்து குவிவது. இரண்டையும் நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஆனால், எதை நிலையின்மை என்கிறோம் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. வழக்கே அங்குதான் தொடங்குகிறது.

ரஷ்யக் கணிதவியலாளர் லியாபுனோவ் 1892இல் தம் ஆய்வேட்டில் வகுத்த வரையறையே இன்றும் அடிப்படை. சமநிலையில் இருக்கும் ஓர் அமைப்பைச் சற்றே அசைக்கிறோம். அசைவைப் போதிய அளவு சிறிதாக வைத்தால் விலகலும் நாம் விரும்பிய எல்லைக்குள் நிற்குமானால், அது நிலையானது. எவ்வளவு நுண்ணியதாக அசைத்தாலும் விலகல் வளர்ந்து எல்லை கடக்க முடியுமானால், அது நிலையற்றது. பழைய நிலை நீடிக்காது என்பதற்கு மேல் இந்த வரையறை எதையும் சொல்வதில்லை. வளரும் விலகல் எங்கே போய்ச் சேரும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அணுக்கரு இயற்பியலில் பொருளே வேறு. அங்கே யாரும் எதையும் அசைக்க வேண்டியதில்லை. கரு தானாகவே மாறும். டெக்னீசியம்-99எம் என்னும் அணுக்கருவின் அரை ஆயுள், அதாவது அத்தகைய கருக்களில் பாதி மாறிவிட ஆகும் காலம், 6 மணி நேரம். அது நிலையற்றது என்பதால்தான் காமா கதிரை வெளியிடுகிறது. அந்தக் கதிரைக் கொண்டுதான் மருத்துவர்கள் எலும்பையும் இதயத்தையும் படமெடுக்கிறார்கள். துறைக்குத் துறை பொருள் இப்படி மாறும்போது, எல்லாவற்றுக்கும் சேர்த்து 'அழிவு' என்று ஒரே முத்திரையைக் குத்துவது முறையா என்று நடுவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வானியலைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். வாயு மேகம் ஒன்றின் ஈர்ப்பு அதன் அழுத்தத்தை விஞ்சும்போது, அதிலுள்ள சிறு அடர்த்தி வேறுபாடு பெருகி மேகம் உள்நோக்கிச் சரியும் என்று ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902இல் காட்டினார். அந்தச் சரிவில்தான் விண்மீன்கள் பிறக்கின்றன. உயிரின் கரு வளர்ச்சியை ஆராயும் கருவியலிலும் அப்படியே. வேறுபாடுகளைச் சமன்செய்யும் என்று நாம் நம்பும் வேதிப்பொருள்களின் பரவல், தக்க வேதிவினைகளோடு சேர்ந்தால் சீரான நிலையையே குலைத்துக் கோடுகளையும் புள்ளிகளையும் தோற்றுவிக்கும் என்று ஆலன் டூரிங் 1952இல் கணித வழியில் நிறுவினார். எலிக் கருவில் விரல்கள் தனித்தனியாகப் பிரிவதற்குப் பின்னால் அத்தகைய பொறிமுறை இருப்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

செல்லுக்குள் நடப்பதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என் வழக்கின் உயிர்நாடி அங்கே இருக்கிறது. செல் பிரியும்போது, குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் இழுத்துச் செல்பவை சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள். ஒரு நுண்குழல் முனையில் டியூபுலின் புரதத்தை ஒட்ட ஒட்ட நீளும். பிறகு எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரெனச் சிதைந்து குறுகும். மீண்டும் நீளத் தொடங்கும். இதை மிட்சிசனும் கிர்ஷ்னரும் 1984இல் கண்டறிந்து 'இயங்கு நிலையின்மை' என்று பெயரிட்டார்கள். குரோமோசோம் எங்கே இருக்கிறது என்பது நுண்குழலுக்குத் தெரியாது. ஒரு திசையில் நீண்டு, எதுவும் அகப்படாவிட்டால் சிதைந்து, வேறு திசையில் நீண்டு, இப்படித் தேடித் தேடித்தான் பிடிக்கிறது. சரி, இந்த நிலையின்மையை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் விடை உண்டு. ஒருவகை யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த பாக்லிடாக்சல் என்னும் மருந்து நுண்குழல்களைச் சிதையவிடாமல் உறுதிப்படுத்துகிறது. உறுதிப்பட்ட நுண்குழல்களால் செல் முறையாகப் பிரிய முடியாமல் திணறி மடிகிறது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல மருத்துவர்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, அதன் நுண்குழல்களுக்கு நிலைத்தன்மையைக் கொடுத்துவிடுவது!

நிலைத்தன்மை வளிமண்டலத்திலும் கொன்றிருக்கிறது. வழக்கமாகத் தரையருகே சூடான காற்று மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். வானிலையாளர் இதை வளிமண்டல நிலையின்மை என்பர். இடியும் மழையும் இதில் பிறக்கின்றன, நகரத்துப் புகையும் இதனால்தான் மேலே போய்க் கலைகிறது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் இது நின்றுபோனது. குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்றடுக்கு மூடியது. அடியில் இருந்தது அசையவில்லை. வளிமண்டலம் மிக நிலையாக இருந்தது. நிலக்கரிப் புகையும் கந்தக டை ஆக்சைடும் அந்த நிலைத்த காற்றிலேயே தேங்கின. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்றைய மதிப்பீடு கூறியது. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது, காற்று நிலைகுலைந்து மேலெழுவது ஒன்றே.

இனி, நண்பரின் பாலத்துக்கு வருகிறேன். அன்று வீசியது புயல் அல்ல. மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகக் காற்று. பாலம் முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கமே காற்றிலிருந்து மேலும் ஆற்றலை வாங்க, ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டது. பாலம் அழிந்தது உண்மை. ஆனால் நண்பர் இந்த மேடையில் பேசினாரே, அவருடைய குரல் எப்படிப் பிறந்தது? நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் ஒரு வரம்பைக் கடந்ததும் குரல்நாண்களின் அமைதி நிலை குலைகிறது. அவை காற்றிலிருந்தே ஆற்றலை வாங்கி, வினாடிக்கு நூறு, இருநூறு முறை அதிரத் தொடங்குகின்றன. பாலத்தை வீழ்த்தியதும் இவ்வகை அதிர்வுதான். வரம்புக்குக் கீழே மூச்சு மட்டுமே உண்டு, குரல் இல்லை.

புற்றுநோயில் மரபணு நிலையின்மை கொடியது. அதை மறுக்க மாட்டேன், மறுப்பது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி. ஆயினும் நண்பர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதுபட்ட கட்டிகளில் மாற்றங்கள் மிகுந்து குவிகின்றன. அவற்றால் உருவாகும் புதிய புரதத் துண்டுகள், அந்தச் செல்கள் அந்நியமானவை என்று உடலின் நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்துக்கு அனுமதி அளித்தபோது, கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பார்க்கவில்லை. இந்த நிலையின்மை அதில் இருக்கிறதா என்றே பார்த்தது. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை, பலித்தவர்கள் பலர். நண்பர் சான்றாகக் காட்டிய அதே கட்டியில், மருந்துக்கு வழிகாட்டியதும் நிலையின்மைதான் என்பதை நடுவர் அவர்கள் தீர்ப்பில் கணக்கிற்கொள்ள வேண்டுமென்று கேட்டு, வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்.