கூடங்குளத்துக்கு ஐந்தொகை போடுவோம்
(காரைக்குடிக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா? சரி. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று உங்களைக் கைதூக்கச் சொல்ல நான் வரவில்லை. பர்மா வரைக்கும் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஐந்தொகை, அதாவது வரவு செலவைக் கூட்டிக் கழித்த கணக்கு, பார்க்காமல் எதிலும் முதல் போடாத ஊர் இது, அதனால் கூடங்குளத்தையும் கணக்காகவே பார்ப்போம்.

முதலில் வரவு. ஒரு உலைக்கு ஆயிரம் மெகாவாட். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ராத்திரி பகலாக ஓடும், புகை கிடையாது. எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்த யாரும் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டார்கள். உலையை எதிர்க்கிற நண்பர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை, அது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது செலவு. ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988-இல், கட்டுமானம் தொடங்கியது 2002-இல், முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014-இன் கடைசி நாளில். இரண்டு உலைக்கு 13,171 கோடி என்ற மதிப்பீடு 17,270 கோடிக்கும், கடைசியில் 22,462 கோடிக்கும் போனது. போட்ட முதல் இத்தனை வருஷம் முடங்கினால் வட்டி என்ன ஆகும் என்று ஆச்சிமாருக்கு நான் சொல்லவா வேண்டும்! போராட்டத்தால்தான் தாமதம் என்பார்கள். உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையில் எதிர்ப்புக் கூட்டம் திரண்டது ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, 2011-இல். முதல் உலை முடிந்திருக்க வேண்டியதோ 2007 டிசம்பரில்.

எனக்கு உறுத்துவது பணம்கூட இல்லை, எரித்து முடித்த எரிபொருள். உலையிலிருந்து எடுத்ததும் அதைப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து வருஷக்கணக்கில் ஆறவிட வேண்டும். அதிலிருக்கும் புளுட்டோனியம் 239 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 24,000 வருஷம். ரஷ்யாவே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்றுதான் 1988-இல் பேச்சு, அப்புறம் அது மாறி நம் தலையில் வந்து விழுந்தது. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது, கூடவே நிபந்தனைகளும் போட்டது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பிடம் கட்ட ஐந்து வருஷக் கெடு. 2018-இல் உலையை நடத்தும் இந்திய அணுமின் கழகம் போய் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்தச் சேமிப்பிடம் பற்றி 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக்கேட்பும் தள்ளிப்போனது.

மாற்று இல்லையா என்பீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. பகல் வெயிலைப் பேட்டரியில் பிடித்து வைத்து ராத்திரிக்கு எடுக்கலாம். காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் காற்று ஐப்பசியில் ஓய்ந்தால் பேட்டரியால் மாதக்கணக்கில் ஈடுகட்ட முடியுமா? இன்றைக்கு முடியாது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

என்னைக் கேட்டால், ஓடுகிற உலைகள் ஓடட்டும். புது உலைக்கு இடம் பார்க்க வருகிறவர்களிடம், அந்தத் தொட்டியில் கிடப்பது எங்கே போகும், யார் செலவில் போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைக்குக் கடன் கொடுத்த ஊரா இது?