முறித்து அச்சிட்ட வரிக்குள் வெண்டளை

சபையோருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் நின்று நவீன கவிதையின் யாப்பைப் பேசினால் 'மகாகவி' என்ற புனைபெயரில் எழுதிய உருத்திரமூர்த்தியைத் தாண்டிப் போக முடியாது. அளவெட்டியில் 1927இல் பிறந்து 1971இல் மறைந்த அவர், மரபு யாப்பைக் கைவிடாமலே அன்றாடப் பேச்சை அதற்குள் நடக்கவிட்டார். அடி முடியும் இடத்தில் அல்ல, பேச்சு நிற்கும் இடத்தில் வரியை முறித்தார். அச்சைப் பார்த்தே "இது புதுக்கவிதை" என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எனக்குப் பொறுக்காது. வாய்விட்டு வாசித்துத்தான் சொல்லவேண்டும்.

விளக்குவதற்காக நானே கட்டிய சில வரிகள்:

கிணற்றடி வாழைக்குத்
தண்ணீர் இறைத்து
மணற்றரை தாண்டி வருகின்ற
அம்மா
"கடிதம் வரவில்லையோ,
தம்பி?" என்றாள்.
படியில் இருந்தவன்
பார்த்தான்
நிலத்தை.

இதை நாலு நாலு சீராக, அதாவது ஓசை அளவால் பிரித்த துண்டுகளாக, சேருங்கள். நான்கு அடி வரும். கிணற்றடி–மணற்றரை, கடிதம்–படியில் என்று இரண்டிரண்டு அடிக்கு எதுகை. சரி, தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை? தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேர் அசை, குறிலில் தொடங்கி இரண்டு எழுத்து இணைந்தால் நிரை அசை; மெய் கணக்கில்லை. வெண்பாவுக்குரிய வெண்டளையில் மாச்சீருக்குப் பின் நிரையும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேரும் வரவேண்டும். கிணற்றடி கருவிளம், அடுத்த வாழைக்குத் நேரில் தொடங்குகிறது. வாழைக்குத் தேமாங்காய்; பின்னால் தண்ணீர், அதுவும் நேர். தண்ணீர் தேமா, இறைத்து நிரை. கடைசிவரை வெண்டளை பிசகவில்லை. பல அடிகளுக்கு நீளும் வெண்பாவான கலிவெண்பாவின் நடுவிலிருந்து எடுத்த துண்டு போல ஓடுகிறது.

மூன்றாம் அடியில் கொஞ்சம் நிற்போம். சீர் பிரித்தால் கடிதம் / வரவில்லை / யோதம்பி / என்றாள். ஒரு சொல் இரண்டாகப் பிளந்து, அதன் வால் அடுத்த சீரில் ஏறுகிறது. இதுதான் வகையுளி. குறை என்பவர்கள் உண்டு. நான் இங்கே அப்படிச் சொல்லமாட்டேன். அந்த ஓகாரம் சீரின் தலையில் விழுவதால் குரல் அங்கே தானாக நீள்கிறது. மகனைத் தம்பி என்று கூப்பிடுவது நம் வீட்டு வழக்கம். ஏக்கமும் அந்த அழைப்பும் ஒரே சீருக்குள் சேர்ந்துவிடுகின்றன. அச்சில் 'தம்பி' அடுத்த வரிக்குப் போனாலும் காது இரண்டையும் பிரிப்பதில்லை.

கடைசி அடியில் படியில்–பார்த்தான் மோனை. 'நிலத்தைப் பார்த்தான்' என்றே எழுதலாமே என்று கேட்பீர்கள். இருந்தவன் கருவிளம், விளச்சீர்தான்; அதன் பின் நிரை வந்தால் ஆசிரியப்பாவுக்குரிய ஆசிரியத்தளை ஆகி வெண்பா ஓசை கெடும். ஆகவே 'பார்த்தான்' முன்னே வந்தது. தளைக்காக வந்த அந்த மாற்றத்தால், மகன் தாயின் முகத்தைப் பார்த்தானா என்று ஒரு கணம் காத்திருக்கிறோம். 'நிலத்தை' என்ற சொல்லில் அவன் பதில் தெரிந்துவிடுகிறது.