விலாங்கு போகிற வழி

எல்லோருக்கும் வணக்கம்.

மீனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உயிரியலும் வேண்டும், மனுஷனுக்கும் மீனுக்கும் உள்ள உறவும் வேண்டும் என்றார்கள். அத்தனை மீனையும் ஒரு மணி நேரத்தில் அள்ள முடியாது. அதனால் ஒரே ஒரு மீனோடு வந்திருக்கிறேன். விலாங்கு.

நம்மிடையே விலாங்குக்கு நல்ல பெயர் கிடையாது. இரண்டு பக்கமும் உறவாடுகிறவனைப் ‘பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு’ என்கிறோம். கேட்டதற்குப் பதில் சொல்லாதவனை ‘விலாங்கு மாதிரி நழுவுகிறான்’ என்கிறோம். இந்தப் பழி அதற்கு வேண்டாம் என்று வாதாடத்தான் நிற்கிறேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். கொள்ளிடத்திலிருந்து பிரிகிற ஒரு வாய்க்கால் கோடையில் வற்றி, மதகடியில் மட்டும் ஒரு குட்டை மிச்சம் இருந்தது. சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் அதை இறைத்துக்கொண்டிருந்தார்கள். கெண்டையும் கெளுத்தியும் துள்ளுகிற சேற்றிலிருந்து, என் கை கனத்துக்கு ஒன்று வழிந்து வெளியே வந்தது. ‘பாம்பு, பாம்பு’ என்று ஒருவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். கரையில் பறி பின்னிக்கொண்டிருந்த பெரியவர், ‘நிறுத்துடா, கன்னத்துல செட்டை ஆடுது பாரு’ என்று சத்தம் போட்டார். நான் குனிந்து பார்த்தேன். தலைக்குச் சற்றுப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக, சின்ன விசிறி மாதிரி இரண்டு செட்டைகள் மெல்ல மடங்கி மடங்கி விரிந்தன. பாம்புக்கு அது ஏது? பெரியவர் இரண்டு கையிலும் காய்ந்த மணலை அள்ளித் தேய்த்துக்கொண்டு அதைப் பிடித்தார். மணல் இல்லாமல் பிடிக்க முடியாது, அவ்வளவு வழுவழுப்பு.

‘சினை இருக்குமா தாத்தா?’ என்று கேட்டேன். ‘இதுக்குச் சினையே கிடையாது தம்பி. இது சேத்துலேயே உண்டாகுறது’ என்றார்.

அந்தப் பதிலைப் பிறகு எங்கே பார்த்தேன் தெரியுமா? அரிஸ்டாட்டிலிடம். கிரேக்க நாட்டில் 2300 ஆண்டுகளுக்கு முன்னால் மீன்களை அறுத்து அறுத்துப் பார்த்தவர் அவர். எந்த விலாங்கிலும் சினையும் இல்லை, விந்தும் இல்லை. அதனால் ஈரமண்ணிலிருந்து தானாகத் தோன்றுகிறது என்று எழுதிவைத்தார். எங்கள் ஊர்ப் பெரியவரும் அவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆற்றில் பிடிபடுகிற விலாங்கில் முட்டை இருக்காது என்பது உண்மைதான். ஏன் இருக்காது என்பதைக் கண்டுபிடிக்க மனிதகுலத்துக்கு ஏறத்தாழ 20ஆம் நூற்றாண்டு வரை ஆகிவிட்டது.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சந்தையில் ஆரால் என்று ஒரு மீன் வரும். நீளமாக, மூக்கு கூராக, முதுகில் வரிசையாக முள்ளோடு இருக்கும். பலர் அதையும் விலாங்குக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது வேறு குடும்பம். சங்கப் பாட்டில் ஆற்றங்கரையில் ஒரு குருகு பார்த்துக்கொண்டிருக்கிறதே, அது பார்ப்பது இந்த ஆரலைத்தான். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் ஆரல் என்று பெயர் உண்டு. மீன் என்ற சொல்லே நீரில் உள்ளதையும் வானில் உள்ளதையும் சேர்த்துச் சொல்கிற மொழி நம்முடையது. சரி, விலாங்குக்கு வருவோம்.

செதில் இல்லாத மீன் என்று நினைக்கிறோம். உண்டு. மிக நுண்ணிய செதில்கள், தோலுக்குள் புதைந்து கிடக்கின்றன. அதற்கு மேலே கோழை. செவுளுக்கு வெளியே திறப்பு மிகச் சிறியது, அதனால் கரைக்கு வந்தாலும் உள்ளே ஈரம் சீக்கிரம் காயாது. தோல் நனைந்திருக்கும் வரை தோல் வழியாகவும் மூச்சு வாங்கும். மழை ராத்திரியில் வரப்பைத் தாண்டி, புல்லில் வழுக்கிக்கொண்டே அடுத்த நீர்நிலைக்குப் போவது இப்படித்தான். ஆற்றோடு தொடர்பே இல்லாத கிணற்றில் விலாங்கு கிடந்தால், சேற்றில் பிறந்தது என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பது? அப்புறம் ஒரு எச்சரிக்கை: அதன் வேகாத ரத்தத்தில் நஞ்சு இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் முறிந்துவிடும். சுத்தம் செய்கிறவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தச் சினை விஷயம். 1876ல் இருபது வயது மாணவர் ஒருவரை, இன்று இத்தாலியில் இருக்கும் திரியெஸ்தே துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஆண் விலாங்கின் விந்துச்சுரப்பியைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. சுமார் 400 விலாங்குகளை அறுத்தார். உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. பின்னாளில் மனித மனத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டுதான் அந்த மாணவர்.

1890களில் இத்தாலியில் கிராஸி என்பவர், கடலில் கிடைக்கிற ஒரு விசித்திர உயிரைத் தொட்டியில் வளர்த்தார். இலை மாதிரித் தட்டையாக, கண்ணாடி போல உடம்பு. அதைத் தனி வகை மீன் என்று நினைத்துத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். தொட்டியில் அது சுருங்கி உருண்டு விலாங்குக் குஞ்சாக மாறியது. ஆக, விலாங்கு கடலில் பிறக்கிறது. கடலில் எங்கே?

டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் 1904ல் தேட ஆரம்பித்தார். அவருடைய யோசனை எளிது. குஞ்சு சிறிதாகச் சிறிதாக, பிறந்த இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். அட்லாண்டிக் முழுவதும் வலை போட்டு, குஞ்சுகளை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டே போனார். நடுவில் கப்பல் தரைதட்டிப் போனது, உலகப் போர் வந்தது, விடவில்லை. கடைசியில் மிகச் சிறிய குஞ்சுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன: பாசி மிதக்கிற சர்காசோ கடல். 1922ல் அதை அறிவித்தார். ஐரோப்பாவின் ஆறுகளிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கேட்கும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதற்கு நூறு ஆண்டு கழித்து, 2022ல்தான், கருவி கட்டிவிட்ட விலாங்குகள் அசோர்ஸ் தீவுகளிலிருந்து அந்தக் கடலுக்குள் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்தார்கள். அங்கே அவை முட்டையிடுவதை இன்று வரை யாரும் பார்த்ததில்லை.

அந்த இலைக்குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வருகிறது. வரும்போதே கண்ணாடி ஊசி போல ஆகிறது. ஆற்றில் ஏறி, நிறம் பிடித்து, பத்து, பதினைந்து ஆண்டுகூட ஒரே மடுவில் கிடக்கிறது. பிறகு ஒரு நாள் உடம்பு மாறத் தொடங்கும். வயிறு வெள்ளியாகும், முதுகு கறுக்கும், ஆழ்கடல் இருட்டுக்காகக் கண் பெருக்கும். குடல் சுருங்கிவிடும். அதோடு சாப்பாடு முடிந்தது. சேர்த்துவைத்த கொழுப்பில்தான் அத்தனை தூரமும் போகிறது. சினையும் அந்தக் கொழுப்பில், அந்த வழியில்தான் முற்றுகிறது. ஃபிராய்டின் கத்திக்கும் எங்கள் பெரியவர் கைக்கும் அகப்படாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆற்றில் இருப்பது இன்னும் பருவத்துக்கு வராத உயிர்.

நம் காவிரியிலும் தாமிரபரணியிலும் இருப்பவையும் இதே இனத்தின் உறவினர்தான். இலங்கை ஆறுகளிலும் உண்டு. இவை இந்தியப் பெருங்கடலில் பிறக்கின்றன. ஒரு வகை சுமத்ராவுக்கு மேற்கே இருக்கும் ஆழ்கடலில் பிறக்கலாம் என்று குஞ்சுகள் கிடைத்த இடத்தை வைத்துக் கணிக்கிறார்கள். திருச்சியில் ஒரு மடுவில் விலாங்கு இருக்கிறது என்றால், அது ஒருமுறை கடலிலிருந்து வந்திருக்கிறது, இன்னொரு முறை கடலுக்குப் போயாக வேண்டும். அங்கேயே குஞ்சு பொரித்துப் பெருகாது. அந்த இரண்டு பயணத்தில் ஒன்று அறுந்தால் கதை முடிந்தது.

அறுப்பது எது என்று உங்களுக்கே தெரியும். உல்லம் மீன் முட்டையிடக் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த காலம் ஒன்று இருந்தது. 1934ல் மேட்டூர் அணை வந்தபின் அந்த வரத்து அருகிப்போனது. 1975ல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் கங்கையிலும் இதே கதி. அணை கட்டியதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் தின்று வளர்ந்தேன். ஆனால் கதவணையும் தடுப்பணையும் கட்டும்போது மீனுக்கு ஒரு ஓரம் விட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. செலவும் பெரிதில்லை. விலாங்குக் குஞ்சு ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் சுவரிலேகூட ஏறும். ஐரோப்பாவில் தடுப்பணை ஓரத்தில் சரிவாக ஒரு தொட்டி வைத்து, தூரிகை மாதிரி நார்களை நட்டு, சொட்டச் சொட்டத் தண்ணீர் விடுகிறார்கள். குஞ்சுகள் நார்களுக்கு நடுவே நெளிந்து ஏறிப்போகின்றன.

அங்கேயும் பட்ட பிறகுதான் புத்தி வந்தது. கரைக்கு வரும் குஞ்சுகள் 1960, 70களில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று ஆனபிறகு, 2007ல் ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது: மனிதத் தலையீடே இல்லாதிருந்தால் எவ்வளவு விலாங்கு கடலுக்குத் திரும்பியிருக்குமோ, எடைக் கணக்கில் அதில் 40 சதவீதமாவது திரும்ப வேண்டும். நம் ஆறுகளில் எத்தனை இறங்கிப்போகின்றன என்று எண்ணவாவது ஆரம்பிக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகையில் புது வெள்ளம் இறங்கும்போது பறியில் விலாங்கு விழுந்தால், கொஞ்சம் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வயிறு வெள்ளி மாதிரி பளபளத்து, கண் பெரிதாக இருந்தால், அது கடலுக்குக் கிளம்பிவிட்டது. மதகுக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். விடியும் முன் அது நாலைந்து ஊரைத் தாண்டியிருக்கும்.

வணக்கம்.