என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்னு சொல்ற பிளேயரை என்ன பண்றது?

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துற கேம், அதை நடத்துற கேம் மாஸ்டர்களுக்கு. உதாரணத்துக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எடுத்துக்கறேன், மத்த கேமுக்கும் இது பொருந்தும்.

ரோக், அதாவது திருட்டுல கெட்டிக்கார கேரக்டரை ஆடுறவர், கூட ஆடுறவங்க கேரக்டரோட பையிலேயே கை வைக்கிறார். கேட்டா, "என் கேரக்டர் அப்படித்தாங்க செய்யும்"னு பதில். கேம் மாஸ்டருக்குக் கோவம் வந்து, அடுத்த சண்டையில எல்லா ஆர்க் அரக்கர்களையும் அவர் கேரக்டர் மேலயே ஏவி விடுறார். தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க. அது தண்டனைன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. சண்டை கடினமா இருக்குன்னுதான் நினைப்பார், இல்லைன்னா உங்களோட போட்டி போட ஆரம்பிச்சிடுவார். பேச வேண்டியது ஆடுற ஆள்கிட்ட.

அவர் டைஸை உருட்டுறதுக்கு முன்னாடியே நிறுத்துங்க. யார்கிட்ட திருடப் போறாரோ, அந்த பிளேயரைப் பார்த்து "உங்களுக்கு இது ஓகேவா?"ன்னு கேளுங்க. வேணாம்னா ரோலே கிடையாது. ஒருத்தர் கேரக்டர் மேல இன்னொருத்தர் பர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கிறது), இன்டிமிடேஷன் (மிரட்டிப் பணிய வைக்கிறது) ரோல் போடுறதுக்கும் இதே ரூல்தான்.

இதையெல்லாம் செஷன் ஜீரோவிலயே, அதாவது ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசுற சந்திப்பிலயே சொல்லிடுங்க, கேரக்டர் ஷீட் எழுதுறதுக்கு முன்னாடி. திருடுறதையே நம்பி ஒரு கேரக்டரை உருவாக்கினவர்கிட்ட அப்புறமா தடை சொன்னா, அவருக்கு ஏமாத்தின மாதிரிதான் இருக்கும்.

கதையில என்ன வரலாம், வரக்கூடாதுங்கறதுக்கு கேம் டிசைனர் ரான் எட்வர்ட்ஸ் கொடுத்த லைன்ஸ் அண்ட் வெயில்ஸ்ங்கற முறை இருக்கு. லைன்னா அந்த விஷயம் கதையில வரவே வராது. வெயில்னா நடக்கும், ஆனா விவரிக்காம காட்சியை நகர்த்திடுவோம். சித்திரவதையைப் பல டேபிள்ல இப்படித்தான் வைப்பாங்க. எல்லார் முன்னாடியும் கேட்டா பாதிப் பேர் வாயே திறக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரோட லைன், வெயிலையும் தனித்தனியா மெசேஜ்ல வாங்கி, பேர் போடாம ஒரே லிஸ்ட்டா காட்டுங்க. உங்க லைனையும் அதுல சேருங்க, நீங்களும் அந்த டேபிள்லதான் உட்கார்றீங்க.

ஆடும்போது திடீர்னு வர்ற சங்கடமான விஷயத்துக்கு எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபௌலஸ் 2013-ல உருவாக்கினது. ஒரு கார்டுல எக்ஸ் எழுதி நடுவுல வைங்க, ஆன்லைன்னா சாட்ல எக்ஸ்னு டைப் பண்ணா போதும். யாராவது தொட்டா அந்த விஷயத்தை வெட்டிட்டு மேல போங்க. இது எங்க சொதப்பும்னா, தொட்டவர்கிட்ட "ஏன்?"னு கேட்கும்போது. அதுக்கப்புறம் அந்தக் கார்டை ஒருத்தரும் தொட மாட்டாங்க. எதை வெட்டணும்னு புரியலைன்னா அதை மட்டும் கேளுங்க. முதல் தடவை நீங்களே தொட்டுக் காட்டினா மத்தவங்களுக்குத் தயக்கம் போகும்.

ரூல் வாக்குவாதத்துக்கு 2 நிமிஷம். அதுக்குள்ள முடியலைன்னா இன்னைக்கு உங்க தீர்ப்பு, புத்தகத்தை செஷன் முடிஞ்சதும் புரட்டிக்கலாம்.

பேசியும் திரும்பத் திரும்பப் பண்றாரா? அடுத்த செஷனுக்கு முன்னாடி தனியா கூப்பிடுங்க. "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா சண்டைதான் வரும். என்ன செஞ்சார், அதனால யாரோட ஆட்டம் நின்னுச்சு, இனிமே என்ன கூடாது, இந்த மூணு மட்டும் சொல்லுங்க. அதுக்கப்புறமும் நடந்தா டேபிளை விட்டு அனுப்பிடுங்க. இதுக்கு ஓட்டெடுப்பு வைக்காதீங்க, நண்பர்களை ஒருத்தருக்கு எதிரா கை தூக்க வைக்கிறது கொடுமை. முடிவை நீங்களே எடுத்து, நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. பிளேயரையே சீண்டுறது, தொந்தரவு பண்றதுன்னா எச்சரிக்கையெல்லாம் கிடையாது, அன்னைக்கே வெளியே.