கொலுசு கேட்ட பையன்

(அம்பாசமுத்திரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

பெரியவர்களே, அண்ணாச்சிமார்களே, மதினிமார்களே, கடைசி வரிசையில் செல்போனை மடியில் மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நோட்டீஸில் என் பேருக்கு முன்னால் 'சுவீடன் புகழ்' என்று போட்டிருக்கிறார்கள். சுவீடனில் என் எதிர்வீட்டுக்காரருக்கே என் பேர் தெரியாது. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே கிஸ்தா என்கிற பகுதியில் குடியிருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சி. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பனியும் பனிச்சறுக்கும் யூடியூபில் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

அங்கே அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் துணி துவைக்கிற கவலைதான். எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் கிடையாது. தரைக்குக் கீழே எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறை. முன்கூட்டியே நேரம் பதிவுசெய்துகொள்ள வேண்டும். நம் நேரம் முடிந்த பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போவார்கள். ரொம்ப மரியாதையான மொழியில்தான் இருக்கும். ஆனால் வாசித்து முடித்தால் நம்மூர்க் கிழவி மண்ணை வாரித் தூற்றிய மாதிரி இருக்கும். டிசம்பரில் மதியம் மூன்று மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அப்போது இங்கே இரவு ஏழு, ஏழரை. அம்மாவும் நானும் இரண்டு இருட்டில் உட்கார்ந்துகொண்டு "சாப்பிட்டியால?" என்று பேசிக்கொள்வோம். வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுகிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு. முதல் நாளே எனக்குப் பிடிபட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் பையன் பிறந்தான். அங்கே ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் விடுப்பு. பெரும்பாலான நாட்களுக்கு, ஓர் உச்சவரம்புக்குள், சம்பளத்தில் எண்பது சதவீதம்போல அரசுக் காப்பீட்டிலிருந்து வரும். அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அப்பா எடுக்காவிட்டால் அது போனது போனதுதான். தாய்க்கு மட்டுமில்லை, தகப்பனுக்கும் உண்டு என்று 1974லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். எனவே நானும் தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பூங்கா பூங்காவாக அலைந்தேன். வேலைநாளில் பூங்காவில் இருந்து கூப்பிட்டதும் அம்மா கேட்ட கேள்வி: "ஏல, வேலையை விட்டு நிப்பாட்டிட்டாவளா?"

ஊர் நினைப்பு எல்லா நாளும் வராது. 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாகிக் கிடந்தது. நீங்கள் தண்ணீரில் நின்றீர்கள். நாங்கள் போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ ஏதோ அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார், நான் கேமராவை அணைத்துவிட்டு அம்மா நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லி உங்களை அழவைக்க எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டுக்காரன் ஏக்கத்தைப் பாடுகிற மேடைப் பேச்சுகள் போதுமான அளவு இருக்கின்றன. இந்த ஏக்கம் எங்களை என்ன செய்யவைக்கிறது, எங்கள் பிள்ளைகளை என்ன பாடுபடுத்துகிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

1995இல் ஊரைவிட்டுப் போனவர் மனசில் 1995இன் ஊர் இருக்கிறது. 2010இல் போனவரிடம் 2010இன் ஊர். அதைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அதிலும் ஊரில் உண்மையாகவே இருந்த நெளிவு சுளிவு, கேலி, விட்டுக்கொடுத்தல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு விதிகளை மட்டும் கொண்டுபோகிறோம். இப்படித்தான் இருக்கணும், இப்படித்தான் உடுத்தணும். நாங்கள் அங்கே கட்டி வைத்திருக்கிற திருநெல்வேலி, இந்தத் திருநெல்வேலியைவிடக் கண்டிப்பானது.

ஒரு பொங்கல் விழா. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹால். பெண் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை, பையன்களுக்கு ஒட்டிக்கிற வேட்டி. என் மகனுக்கு அப்போது ஐந்து வயசு. கூட விளையாடுகிற பிள்ளைகள் ஓடினால் சத்தம் வருகிறது, தனக்கு வரவில்லை என்று அவன் கொலுசு கேட்டிருந்தான், நாங்களும் வாங்கிக் கொடுத்திருந்தோம். வேட்டிக்குக் கீழே கொலுசோடு ஹால் முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். ஓர் அண்ணன் என்னைத் தனியே கூட்டிப்போய், "தம்பி, இருக்கிறதே இந்த மாதிரி நாடு, நாமதான் கவனமா வளக்கணும்" என்றார். பக்கத்தில் ஒரு மதினி, "ஊர்ல பாத்தா என்ன நெனப்பாவ?" என்று கேட்டார்கள்.

ஊரில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? அடுத்த லீவுக்கு அவன் கொலுசோடுதான் கல்லிடைக்குறிச்சியில் வந்து இறங்கினான். எங்கள் ஆச்சிக்கு வயசு தொண்ணூறை நெருங்குகிறது. அவன் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள்: "இது என்னல கொலுசு, சத்தமே கேக்கல? நல்லா முத்து வச்சு வாங்கிக் குடுக்கப்பிடாதா?" திண்ணையில் இருந்த மாமா, ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது என்று முனகினார். ஆச்சி அவர் பக்கம் திரும்பி, "சவத்தை விடுல. திருச்செந்தூருக்கு நேந்துகிட்டு உனக்கு அஞ்சு வயசு வரைக்கும் சடை பின்னிப் பூ வச்சு விட்டவ நானு" என்றாள். மாமா அதற்கப்புறம் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அந்த போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் வீடுகளிலும் இருக்கும். மொட்டை போடுவதற்கு முன்னால் பையனுக்குச் சடை பின்னி, தாழம்பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு, கண்ணுக்கு மை எழுதி ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ. இந்த ஹாலில் எத்தனை பேருக்கு இருக்கிறது, கை தூக்குங்கள் பார்ப்போம். (தயங்கித் தயங்கிக் கைகள் உயர்ந்தன. ஒரு மீசைக்காரர் கையை அவர் வீட்டம்மாவே பிடித்துத் தூக்கிவிட்டார். சிரிப்பு.)

சரி. ஐப்பசி, புரட்டாசி வந்தால் குலசேகரன்பட்டினத்தில் தசரா. முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்குகிறார்கள். ராஜா, போலீஸ், குரங்கு வேஷத்துக்கு நடுவே எத்தனை ஆண்கள் சேலை கட்டிக் காளியாகவும் குறத்தியாகவும் வருகிறார்கள்! பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கான ஜனம். யாராவது முகம் சுளித்துப் பார்த்திருக்கிறோமா? காலில் விழுந்து கும்பிடுகிறோம். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து. அண்ணாவி பாட, மகுடப் பறை முழங்க, பெண் வேஷம் கட்டி ஆடுகிற இரண்டு பேரும் ஆண்கள். கொடை முடிந்ததும் சேலையை மடித்துவைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நம் தாத்தாக்கள் கடுக்கன் போட்டார்கள், குடுமி வைத்தார்கள். பிறந்த பிள்ளைக்கு ஆண் பெண் பார்க்காமல் காலில் தண்டை போடுகிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அங்கே விழாவில் என்னைத் தனியே கூட்டிப்போன அண்ணனும் இந்தப் பக்கத்து ஆள்தான். அவர் கொண்டுபோன பெட்டியில் இதெல்லாம் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா நம் மண் எவ்வளவு உசத்தி என்று கைதட்டு வாங்கிக்கொண்டு உட்காரலாம். அது பொய்யாகிவிடும். குலசையில் கிடைக்கிற இடம் சாமி கொடுத்த இடம். நேர்ச்சைக்காகக் கட்டினால் கும்பிடுவோம், ஆசைக்காகக் கட்டினால் அடிப்போம். எட்டாம் வகுப்பில் நளினமாக நடக்கிற பையனுக்கு நம் பள்ளிக்கூடங்களில் என்ன பட்டப்பேர் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், அதை நான் மேடையில் சொல்ல வேண்டாம். முன்பு அந்தப் பேர் தெருவோடு போயிற்று. இப்போது எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுவிடுகிறான். குடும்பமே எடுத்துப் போடுகிற கொடுமையும் நடக்கிறது, சிரிப்புக்காக.

பெண் பிள்ளைகள் கதை வேறு. மரம் ஏறினால், ஆற்றில் நீச்சல் அடித்தால், "ஆம்பளப் பிள்ளை மாதிரி" என்று அப்பாவுக்கே பெருமை. பையனை "பொம்பளப் பிள்ளை மாதிரி" என்று சொன்னால் வசவு. ஒன்றில் உயர்த்துகிறோம், மற்றதில் இறக்குகிறோம். பெண்ணை மட்டமாக நினைப்பதால்தானே பையன் கொலுசு போட்டால் குடும்ப மானம் போகிறது? அந்தப் பெருமையும் பெண் பிள்ளை வயசுக்கு வருகிற வரைக்கும்தான். அதற்கப்புறம் மரமும் கிடையாது, ஆறும் கிடையாது.

அங்கே எப்படி? பிள்ளையை அடிப்பதை உலகத்திலேயே முதலில் சட்டம் போட்டு நிறுத்திய நாடு சுவீடன், 1979இல். பையன் இப்படி, பெண் இப்படி என்கிற கட்டுகள் பிள்ளைகளைக் குறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1998ஆம் வருஷத்துப் பாலர் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். என் மகன் ஒருநாள் பாவாடை கட்டிக்கொண்டுதான் போவேன் என்று நின்றான். நெஞ்சு படபடக்கக் கொண்டுபோய் விட்டேன். டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்று: "சறுக்கு மரத்தில் மாட்டிக்கொள்ளும், உள்ளே ஒரு கால்சட்டை போட்டு அனுப்புங்கள்." ஒரு பையன் இது பெண்களுக்கானது என்று சொல்லியிருக்கிறான். அப்படியா, யார் சொன்னது என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அதற்குள் பழம் சாப்பிடுகிற நேரம் வந்துவிட்டது, விஷயம் அத்தோடு முடிந்தது.

அதற்காக அது சொர்க்கலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் கடையில் ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் நீலம். டிசம்பர் 13 லூசியா திருநாளில் வெள்ளை அங்கி உடுத்தித் தலையில் மெழுகுவத்திக் கிரீடம் வைத்துப் பாடுவது பெண் பிள்ளைகளின் வழக்கம். பையன்களுக்கு நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பி. ஒரு பையன் கிரீடம் கேட்டால் அங்கேயும் வாய்ச்சண்டைதான். ஒரே ஒரு வித்தியாசம், அந்தச் சண்டையைப் பெரியவர்கள் போட்டுக்கொள்வார்கள், பிள்ளையை அடிக்கமாட்டார்கள்.

(இந்த இடத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "தம்பி, சின்ன வயசில் இதையெல்லாம் விட்டுவிட்டால் நாளைக்குத் திருநங்கையாக ஆகிவிடமாட்டானா?")

ஐயா, கேட்டதற்கு நன்றி. எல்லோர் மனசிலும் இருக்கிற கேள்வி இது. கொலுசு போட்டால் ஆகிவிடும் என்றால், சற்றுமுன் கை தூக்கிய அண்ணாச்சிமார்கள் எல்லோரும் என்ன ஆகியிருக்க வேண்டும்? இருபது வருஷமாகக் குலசைக்குக் காளி வேஷம் போடுகிறவர் மறுநாள் கறிக்கடைக்குப் போய் வழக்கம்போல வியாபாரம் பார்க்கிறார். மறுபக்கமும் பாருங்கள். நம் ஊர்த் திருநங்கைகளை யாரும் பாவாடை கட்டி வளர்க்கவில்லை. அடித்தார்கள், சூடு வைத்தார்கள், வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். அடித்து மாற்றிவிட முடியும் என்றால் ஒருவர்கூட மிஞ்சியிருக்கமாட்டார்கள். கொலுசு கேட்கிற பிள்ளைகளில் பலர் கொஞ்ச நாளில் அதை மறந்துவிடுவார்கள். சிலர் பெரியவர்களானதும் நான் பெண் என்று சொல்லலாம். எது என்று ஐந்து வயசில் நீங்களும் நானும் முடிவுகட்ட வேண்டிய அவசியம் என்ன?

உடை வேறு, மருந்து வேறு. சுவீடனில்கூட, 18 வயசுக்குக் கீழே ஹார்மோன் சிகிச்சையில் மிகவும் நிதானம் வேண்டும் என்று 2022இல் அவர்களுடைய சுகாதார வாரியம் சொல்லிவிட்டது. பதிவேட்டில் பாலினம் மாற்றுவதற்கான வயசை 18இலிருந்து 16ஆகக் குறைக்க 2024இல் நாடாளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்து சட்டம் நிறைவேறியது. இவையெல்லாம் பெரியவர்கள் பொறுமையாக யோசிக்க வேண்டிய விஷயங்கள். கொலுசுக்கு எந்த நாடாளுமன்றமும் கூட வேண்டியதில்லை.

சட்டம் என்று வந்தால் நாமும் பின்தங்கிவிடவில்லை. திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008இலேயே தமிழ்நாட்டில் அமைந்துவிட்டது. தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நம் பக்கத்துத் தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட கல்யாணத்தைப் பதிவுசெய்ய மறுத்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அது செல்லும் என்று 2019இல் தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில்தான், இரண்டும் கலந்த உடலோடு பிறக்கிற குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவைச் சிகிச்சை கூடாது என்றும் வந்தது. மாற்றிக் காட்டுகிறேன் என்று மருத்துவம் பார்ப்பதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. தீர்ப்புகள் வந்துவிட்டன, பள்ளிக்கூட வாசலுக்கு மட்டும் வந்துசேரவில்லை.

அதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நாங்கள் திரும்பி வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முட்டுவலி, எனக்குத் துணி துவைக்கிற அறை அலுத்துவிட்டது, வெயில் வேண்டும், ஆறு வேண்டும். பையனுக்கு இப்போது ஏழு வயசு. கொலுசைக் கழற்றிவிட்டான், காலுக்குச் சின்னதாகிவிட்டதாம். ஆனால் முடியைத் தோள் வரை வளர்த்துக்கொண்டிருக்கிறான், வெட்டமாட்டேன் என்கிறான். இந்த வாரம் ஒரு பள்ளியில் விசாரித்தேன். கட்டிடம் பிரமாதம். அலுவலகத்தில் இருந்தவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல்ல முடியை வெட்டிட்டுக் கூட்டிட்டு வாங்க சார், அட்மிஷன் அப்புறம் பேசலாம்" என்றார். பிள்ளைக்குத் தமிழ் எழுத வருமா என்றுகூட அவர் கேட்கவில்லை. அங்கே தாய்மொழி வகுப்பில் உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளை அது.

இந்த ஹாலில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முடியோடு அவனைச் சேர்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் அம்பையிலோ, சேரன்மகாதேவியிலோ, பாளையங்கோட்டையிலோ எது இருக்கிறது? மேடையில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வெளியே டீ போட்டு வைத்திருக்கிறார்கள், அங்கே வந்து சொல்லுங்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.